2020-21 ஆண்டறிக்கை: மாத வகுப்பும் மாநாடும் இணையவழிக்கு மாறிய ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வரி ஆலோசகர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டில் நம்மைவிட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலியை முதலில் பதிவு செய்கிறேன்.

24-3-2020 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் மண்டபக் கூட்டங்கள் நின்றன. சட்டத் திருத்தங்கள் நிற்கவில்லை. கொள்முதலில் கட்டிய வரியில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் மாதப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி ஆகஸ்டில் அறிமுகமானது. 1-10-2020 முதல் வருமான வரிச் சட்டத்தின் 206சி(1எச்) பிரிவில் பொருள் விற்பனைக்கு டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டும் வரி) தொடங்கியது. அதே நாளில் 500 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு வந்த இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் விலைப்பட்டியல்), 1-1-2021 முதல் 100 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் விரிந்தது. கியூஆர்எம்பி திட்டமும் (காலாண்டுக்கு ஒரு தாக்கல், மாதம்தோறும் வரி) விதி 86பி-யும் (வரியில் ஒரு பங்கைப் பணமாகவே கட்டச் சொல்வது) அந்தப் புத்தாண்டு நாளில்தான் நடைமுறைக்கு வந்தன. விற்பவர் கணக்கில் காட்டாத பில்களுக்கு எடுக்கக்கூடிய வரிக் கழிவு விதி 36(4)-இல் 10 சதவீதத்திலிருந்து 5 ஆனதும் அன்றுதான். வகுப்பை நிறுத்தக்கூடாத ஆண்டு இது. அதனால் மாத வகுப்புகளையும் ஆண்டு மாநாட்டையும் ஜூம் வழியாக நடத்தினோம். அடுத்த பொறுப்பாளர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மண்டபத்தில் காலை 9.30 முதல் மாலை 5 வரை நடந்த மாநாட்டை அப்படியே திரைக்குக் கொண்டுவர முடியாது. பெரும்பாலோர் செல்போனில்தான் கலந்துகொள்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் கவனம் போய்விடும். எனவே மாநாட்டை மூன்று மாலைகளாகப் பிரித்து, 6 முதல் 7.30 வரை, ஒரு மாலைக்கு ஒரு பொருள் என்று வைத்தோம். தேதி குறிப்பதில் இன்னும் கவனம் தேவை. மாதக் கெடு நாள்கள் இவை: 7 டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுதல்), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 13 ஐஎஃப்எஃப் (காலாண்டுத் தாக்கல் செய்பவர்களின் மாத பில் பதிவு), 20 மாதாந்திர 3பி (வரிக் கணக்கு), காலாண்டு 3பி தாக்கலுக்கு நம் மாநிலத்தில் 22. இந்த நாள்களையும் அவற்றுக்கு முந்தைய இரண்டு நாள்களையும் தவிர்த்தால், தொடர்ந்து அதிக நாள்கள் கிடைப்பது 23 முதல் மாதக் கடைசி வரைதான். பகல் வகுப்பு என்றால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பார்க்க வேண்டும். பேச்சாளரின் பகுதியில் 9 முதல் 5 வரை கரண்ட் இல்லாத நாளாக அது இருக்கலாம்.

ஜூமில் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடும். திரும்ப உள்ளே வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதால் கட்டணக் கணக்கு எடுக்கப்பட்டது. கூட்ட நடத்துநருக்குத் துணையாக இணை நடத்துநர் ஒருவரை வேறு துணை மின்நிலையப் பகுதியிலிருந்து நியமிப்பது கட்டாயம் என வைத்துக்கொண்டோம். ஒருவர் வீட்டில் மின்சாரமோ இணையமோ போனால் கூட்டம் மற்றவர் கையில் தொடரும். மோடத்தையும் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும். விளக்கையும் விசிறியையும் மட்டும் அதில் கொடுத்துவிட்டு மோடத்தை மறந்துவிடுவது வழக்கம். கணினியில் பதிவு செய்யும்போது கூட்டம் முடிந்த பிறகுதான் அது வீடியோ கோப்பாக மாறும். அந்த நேரத்தில் கணினியை மூடினால் கோப்பு பாதியில் நிற்கும். உள்ளே இருக்கும் 'டபுள் கிளிக் டு கன்வர்ட்' கோப்பை அழித்துவிடாமல் மீண்டும் திறந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

டேட்டா செலவு உறுப்பினர்களின் பெரிய கவலையாக இருந்தது. நாளுக்கு 1.5 ஜிபியில் பிள்ளையின் பள்ளி வகுப்பும் நடக்கும் வீடுகள் பல. குழு வீடியோவுக்கு 600 கேபிபிஎஸ் முதல் 1 எம்பிபிஎஸ் வரை வேண்டும். குரலுக்கு 60 முதல் 80, திரைப் பகிர்வுக்கு 50 முதல் 75 கேபிபிஎஸ் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு வீடியோவோடு குறைந்தது 400 எம்பி ஆகும். குரலும் திரையும் மட்டும் என்றால் சுமார் 100 எம்பி. தன் கேமராவை மட்டும் அணைத்தால் இந்தச் சேமிப்பு கிடைக்காது, மற்றவர்கள் படம் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் தொடக்க வணக்கத்துக்குப் பின் எல்லோர் கேமராவையும் அணைப்பது விதியாக்கப்பட்டது.

உள்ளே வந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று போன் செய்தவர்களுக்கு, பத்தில் ஒன்பது முறை காரணம் ஒன்றுதான்: நுழைந்ததும் வரும் 'வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா' பொத்தானை அழுத்தியிருக்கமாட்டார்கள். எதிரொலி வந்தால் ஒரே அறையில் இரண்டு கருவிகள் இணைந்திருக்கின்றன என்று பொருள். ஒன்றின் மைக்கையும் ஒலிபெருக்கியையும் இரண்டையும் அணைக்க வேண்டும். பேச்சாளருக்கு வயர் உள்ள சாதாரண இயர்போனே போதும். மேலே சுழலும் விசிறியை நிறுத்தினால் பேச்சு தெளிவாகும்.

திரையில் எதைக் காட்டுவது என்பதில்தான் நம் துறைக்கே உரிய சிக்கல். 2ஏ (விற்பவர்கள் பதியப் பதியக் கூடும் கொள்முதல் பட்டியல்) நாள்தோறும் மாறும், 2பி இந்த ஆண்டில் ஒருமுறை உருவானால் மாறாததாக இருந்தது. இரண்டையும் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் காட்ட எக்செல் தேவை. பதினான்கு நெடுவரிசை கொண்ட எக்செல் செல்போனில் எறும்பு வரிசையாகத் தெரியும். ஜிஎஸ்டிஐஎன் (விற்பவரின் ஜிஎஸ்டி பதிவு எண்), இன்வாய்ஸ் எண், தேதி, வரி, வித்தியாசம் என ஐந்து நெடுவரிசை மட்டும் விட்டு, மற்றவற்றை மறைத்து, 150 சதவீதம் பெரிதாக்கி, தலைப்பு வரிசையை உறையவைத்தால் எல்லோராலும் படிக்க முடிகிறது. அந்தக் கோப்பை முந்தைய நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கூடவே செய்து பார்ப்பார்கள். கிளையண்டின் லாகினை நேரலையில் திறக்கவே கூடாது. பிரவுசரில் சேமித்த யூசர்நேம் வரிசையாகக் கீழே விழும், ஓடிபி மேலே மின்னும். பெயரும் எண்ணும் மறைத்த ஸ்கிரீன்ஷாட்களே பாதுகாப்பு. முழுத் திரையைப் பகிராமல் அந்த ஒரு விண்டோவை மட்டும் பகிர வேண்டும்.

காத்திருப்பறையில் 'ரெட்மி', 'கேலக்ஸி' என்று போன் பெயரோடு நிற்பவர்களை யாரென்று அறிய முடியாது. உறுப்பினர் எண்ணையும் பெயரையும் இட்டவர்களை மட்டும் உள்ளே விட்டோம். வருகைப் பதிவுக்கும் இதுவே உதவியது. இணைப்பு அறுந்து மீண்டும் வந்தவர் அறிக்கையில் பல வரிகளாக இருப்பார். நிமிடங்களைக் கூட்டித்தான் சான்றிதழ் தர வேண்டும். சாதாரண ஜிமெயிலில் நாளுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

சந்தேகம் கேட்பதுதான் திரையில் மிகவும் குறைந்துபோகும். மைக்கைத் திறந்து எல்லோர் முன்னும் கேட்கத் தயங்குபவர்கள், மண்டபத்தில் டீ குடிக்கும்போது பேச்சாளரை ஓரமாக அழைத்துக் கேட்பார்கள். அதற்கு ஈடாகக் கேள்விகளை இரண்டு நாள் முன்பே எழுதி வாங்கி, பெயர் சொல்லாமல் வகுப்பின் முதல் இருபது நிமிடத்தில் பேச்சாளர் பதில் சொல்லுமாறு செய்தோம். கேள்விகள் பெருகின. இளம் உறுப்பினர்களின் கேள்விகளே அதிகம் என்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் புதிதாக வந்தவர் மூத்தவர் ஒருவரோடு அறிமுகமாகி, பிறகு அவர் அலுவலகத்துக்குப் போய்க் கற்றுக்கொள்வது திரையில் நடக்கவில்லை. சிறு குழு அறைகளாகப் பிரித்தும் அது கைகூடவில்லை.

ஆகவே செயற்குழு பரிந்துரைப்பது: மாத வகுப்பு இணையவழியிலேயே தொடரட்டும், அரசு அனுமதி கிடைத்ததும் ஆண்டு மாநாடு மண்டபத்துக்குத் திரும்பட்டும். மண்டப வாடகை, உணவுச் செலவு ஆகியவற்றில் மிஞ்சியதைப் பொருளாளர் தம் அறிக்கையில் தருவார். அதில் ஒரு பகுதியைக் கொண்டு சங்கத்துக்கென நல்ல மைக் ஒன்றும், மோடத்துக்கான சிறு யுபிஎஸ் ஒன்றும் வாங்க அனுமதி கோரி, இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்