பழைய பாய்லரும் எரிவாயுக் கட்டணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலம் வந்துவிட்டால் எரிவாயுக் கட்டணச் சீட்டைப் பிரிக்கவே கை தயங்குகிறது. வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தரும் எங்கள் பழைய எரிவாயு பாய்லரின் புகைபோக்கி வாயருகே நின்றால் முகத்தில் அனல் அடிக்கிறது. அத்தனையும் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பம். போதாக்குறைக்கு, யாரும் வெந்நீர் திறக்காத நள்ளிரவிலும் அதன் பற்றவைப்புச் சுடர் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது.

எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவியைக் குளிர்வித்து, அதன் உள்ளுறை வெப்பத்தையும் மீட்டெடுக்கும் கண்டென்சிங் பாய்லர்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு வெப்பத்தைப் பயனாக்க, பழையவற்றில் பல 70 விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிடுகின்றன. ஆனால், புதியதை வாங்கிப் பொருத்திய பிறகும், வீட்டுக் குழாய்களில் சுற்றி பாய்லருக்குத் திரும்பும் நீர் சுமார் 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காதபடி வெப்பநிலையைக் கூட்டி வைத்துவிட்டால், அந்த நீராவி குளிராமல் புகையோடு போய்விடும். இதை வாங்குபவரிடம் விளக்கிச் சொல்வது பொருத்துபவரின் கடமை என்பது என் கருத்து.

உடனே மாற்ற வசதியில்லாதவர்கள், குளிர்ந்த அறைகளின் வழியே செல்லும் வெந்நீர்க் குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறையாவது போடலாம். ஆண்டுப் பராமரிப்பை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அரைகுறையாக எரியும் பாய்லர் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவையும் கக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்