மீனுக்கு இத்தனை இழுபறியா?

ஆசிரியருக்கு,

பிரெக்சிட்டுக்கு (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதற்கு) பிந்தைய வர்த்தக ஒப்பந்தம் 2020 டிசம்பர் 24 அன்று ஒருவழியாக முடிவானது. டிசம்பர் 31 கெடு முடிய அப்போது ஒரு வாரம்தான் பாக்கி. கடைசிவரை இழுத்தது எது என்று பார்த்தால், மீன்! பிரிட்டன் பொருளாதாரத்தில் மீன்பிடித் தொழிலின் பங்கு சுமார் 0.1 சதவீதம். பிரிட்டனின் மொத்த ஏற்றுமதியிலோ 40 சதவீதத்துக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத்தான் போகிறது. ஆனாலும் ஒன்றியத்தின் சார்பில் பேச்சு நடத்திய பார்னியேவும் பிரிட்டன் சார்பில் பேசிய ஃப்ராஸ்டும் மீனில் யாருக்கு எவ்வளவு என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். (டிசம்பர் 9 பிரஸ்ஸல்ஸ் விருந்தில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் ஜான்சனுக்குப் பரிமாறியதும் மீன்தான். வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ!) கடைசியில், பிரிட்டன் கடலில் ஒன்றியப் படகுகள் பிடிக்கும் மீனின் மதிப்பில் 25 சதவீதம் ஐந்தரை ஆண்டுகளில் படிப்படியாக பிரிட்டனுக்குத் திரும்பும் என்று முடித்திருக்கிறார்கள். மீனவர் சங்கங்களுக்கே அதில் திருப்தியில்லை.

மீன்பிடித் தொழிலை அலட்சியப்படுத்தவில்லை. கடற்கரை ஊர்களுக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் பிரிட்டன் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் சேவைத் துறை. ஒன்றியம் முழுவதும் தங்குதடையின்றித் தொழில் செய்ய லண்டன் நிதி நிறுவனங்களுக்கு இருந்த உரிமை 2021 ஜனவரி 1 முதல் இல்லாமல் போனது. அதற்கு ஈடாக ஒப்பந்தத்தில் உருப்படியாக எதுவும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. 1,200 பக்கங்களுக்கு மேல் உள்ள இந்த ஒப்பந்தத்துக்கான சட்டத்தை பிரிட்டன் நாடாளுமன்றம் டிசம்பர் 30 அன்று ஒரே நாளில் நிறைவேற்றிவிட்டது. எத்தனை எம்.பி.க்கள் முழுசாகப் படித்திருப்பார்கள்? ஐரோப்பிய நாடாளுமன்றமோ அப்போது ஒப்புதலே தரவில்லை, 2021 ஏப்ரலில்தான் தந்தது; அதுவரை தற்காலிகமாகத்தான் அமலில் இருந்தது.

வாசகர், திருச்சி