பொன்னம்பலங்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?

ஆசிரியர் அவர்கட்கு,

'பொன்னம்பலம் பரம்பரை' என்று சொல்லி, இலங்கைத் தமிழ் அரசியல் தலைவர்களான சேர் பொன். இராமநாதனையும் ஜீ. ஜீ. பொன்னம்பலத்தையும் ஒரே கொடியில் கட்டி எழுதுவோர் இருக்கிறார்கள். பெயர் ஒன்றாயிருப்பது உறவுக்குச் சான்றல்ல.

இராமநாதனுக்கும் (1851–1930) தம்பி அருணாசலத்துக்கும் (1853–1924) பொன்னம்பலம் என்பது தகப்பனின் பெயர். அந்தப் பொன்னம்பல முதலியாரின் தகப்பன் இன்னொரு அருணாசலம். பாட்டனாரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் நம் வழக்கம்தான். அடுத்த தலைமுறையில் தம்பியின் மகன் அருணாசலம் மகாதேவா ஆகிறார், பொன்னம்பலம் கழன்று விடுகிறது. ஜீ. ஜீ.க்கோ (1901–1977) பொன்னம்பலம் சொந்தப் பெயர்; தகப்பன் அல்வாயைச் சேர்ந்த காங்கேசர். மகன் குமார், பேரப்பிள்ளை கஜேந்திரகுமார் காலத்தில்தான் அது குடும்பப் பெயராக நிலைத்தது. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயரிலும் இதே கதைதான்: குமாரசுவாமி அவரின் பாட்டனார்.

சிதம்பரத்தில் பொன் வேய்ந்த சபையே பொன்னம்பலம். கனகசபை, சிற்றம்பலம், தில்லையம்பலம், அம்பலவாணர், சபாபதி, நடராசா எல்லாம் அதே சந்நிதியின் பெயர்கள். சைவ வீடுகள் நிறைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊருக்கு நாலு பொன்னம்பலம் இருந்ததில் வியப்பில்லை.

ஆகவே வம்சாவளி தேடுவோர் பெயரைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றுக்குத் தனிக் கூடு உண்டு. முதலில் அதைப் பாருங்கள். பிறகு தகப்பனின் பத்திரம், விவாகப் பதிவு, காணி உறுதி என்று ஒவ்வொரு தலைமுறையாக மேலே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் பெயரோடு ஊரும் பொருந்துகிறதா என்று பார்க்காவிட்டால் அயலூர்ப் பொன்னம்பலம் உங்கள் பூட்டனாகி விடுவார். ஆங்கிலப் பதிவுகளில் பொன்னம்பலத்தின் நடுவிலுள்ள பகரத்துக்கு b, p என்று இரண்டு வேறு எழுத்துகள் போடுவார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். பொன்னம்பலத்தின் மக்கள் சிவராசாவும் யோகராசாவும் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் தகப்பன் பெயரைப் போடுவதால் ஒருவரின் பிள்ளைகள் சிவராசா, மற்றவரின் பிள்ளைகள் யோகராசா. குடும்பப் பெயரை மட்டும் தட்டித் தேடினால் சொந்தச் சித்தப்பாவின் பிள்ளை அகப்படமாட்டார். முன்பின் அறியாத பத்துப் பேர் அகப்படுவார்கள்.

வாசகர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.