இரண்டேகால் மணிக் கொடி

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு இத்தனை காலம் பதில் எழுதாமல் இருந்ததற்காக நீ திட்டவேண்டியதையெல்லாம் ஏற்கெனவே திட்டி முடித்திருப்பாய் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். வீட்டில் அனைவரும் நலம். என் முழங்காலும் நலம். நெட்டையன் மறுபடியும் புதுக் காலணி வாங்கியிருக்கிறான். ஓடத்தான் இன்னும் நேரம் வரவில்லை. இவை எதுவும் செய்தியல்ல. சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த அரை மாரத்தானில், முதுகில் 2:15 என்று எழுதிய கொடியைக் கட்டிக்கொண்டு நான் பேஸராக, அதாவது இரண்டேகால் மணி நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் பின்தொடர்வதற்காகச் சீரான வேகத்தில் ஓடுகிறவனாக, ஓடினேன் என்பதுதான் செய்தி. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

என்னைவிட வேகமாக ஓடுகிறவர்கள் இருக்கும்போது என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று நீ கேட்பாய். இந்தப் பணிக்கு வேகம் தேவையில்லை, மிச்சம்தான் தேவை. தன்னுடைய சிறந்த நேரத்தைவிடப் பதினைந்து இருபது நிமிடங்களாவது மெதுவான கொடியைத்தான் ஒருவர் சுமக்கவேண்டும், ஏனென்றால் மூச்சு முட்டாமல் பேசவும், திரும்பித் திரும்பிப் பார்க்கவும், உடம்பு சரியில்லாத நாளிலும் அதே நேரத்தில் போய்ச் சேரவும் அந்த மிச்சம்தான் உதவும். இது எனக்குச் சுலபம் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். தன் பாட்டுக்கு ஓடுகிறவன் ஒரு கிலோமீட்டரில் பத்து விநாடி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை; கொடி கட்டியவன் சொல்லியாகவேண்டும்.

கணக்கைக் கேள். 21.0975 கிலோமீட்டரை இரண்டேகால் மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி ஆகிறது. ஐந்தாவது கிலோமீட்டர் 32 நிமிடம், பத்தாவது 1:04, பதினைந்தாவது 1:36, இருபதாவது 2:08 என்று எண்கள் இவ்வளவு அழகாக விழுவதைப் பார்த்து, இதைவிட எளிய வேலை உண்டா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அளந்து சான்றளிக்கப்படும் பாதை, வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுவது. கூட்டத்தில் அந்தக் கோட்டில் ஓட யாராலும் முடியாது. தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, முன்னால் போகிறவரைச் சுற்றி, வளைவை அகலமாக எடுத்து ஓடுவதில் முடிவுக்கோட்டில் கைக்கடிகாரம் 21.3 என்று காட்டுவது சாதாரணம். கடிகாரத்தின் 6:24-ஐ நம்பி ஓடினால் அந்த 200 மீட்டருக்கு ஒன்றேகால் நிமிடம் பிந்திப் போய்ச் சேருவோம். ஆகவே கடிகாரத்தில் 6:20 தெரியும்படி ஓடி, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் மணிக்கட்டில் எழுதிய பட்டியலோடு சரிபார்த்துக்கொண்டே போகவேண்டும். பலகையே தவறான இடத்தில் நடப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்காதே. ஒரு பலகை முரண்பட்டால் அடுத்ததுவரை பொறுத்துப் பார்ப்பதுதான் வழி.

முதல் கிலோமீட்டர் நெரிசலில் 6:50 ஆகிவிட்டது. உன்னைப் போன்றவர்கள் கொடியைச் சுற்றி நிறைய இருந்தார்கள். இழந்த 26 விநாடியை இரண்டாவது கிலோமீட்டரிலேயே வட்டியோடு வசூலிக்கவேண்டும் என்று துடித்தார்கள். நான் அதை அடுத்த ஆறு கிலோமீட்டர்களுக்குப் பிரித்துவிட்டேன். முன்பாதியில் நேரத்தைச் சேமித்துப் பின்பாதியில் செலவழிக்கலாம் என்று நீ எத்தனை முறை கணக்குப் போட்டிருக்கிறாய்? அந்தச் சேமிப்பு பதினாறாவது கிலோமீட்டரில் கரைந்துபோவதை வாத்தியார் நமக்குச் சொன்னது நினைவுக்கு வர, தனியாகச் சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் ஓடியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தொடக்கக்கோட்டில் நின்று ஒன்றை எல்லோருக்கும் விளக்கினேன். ஒவ்வொருவருடைய நேரமும் அவரவர் காலணியிலோ எண் அட்டையிலோ இருக்கும் சிப், அதாவது நேரத்தைப் பதியவைக்கும் சின்னஞ்சிறு கருவி, கோட்டில் போட்டிருக்கும் விரிப்பைக் கடக்கும்போதுதான் தொடங்குகிறது. எனக்கு 40 விநாடி கழித்து விரிப்பைக் கடந்தவர், கடைசிவரை எனக்கு 40 விநாடி பின்னால் வந்தாலும் அவருடைய கணக்கு சரியாகவே இருக்கும். இது தெரியாமல் கொடியை எட்டிப்பிடிக்க ஓடி முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே வெந்துபோகிறவர்கள் எத்தனை பேர்!

வாயாடி என்று என்னை நீ கேலி செய்தது இப்போது பயன்பட்டது. பத்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் ஏதாவது கேட்டுக்கொண்டே போனேன். முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறவர் தாங்குவார். ஒற்றைச் சொல்லுக்கு வந்துவிட்டவரைக் கவனிக்கவேண்டும். தலையை மட்டும் அசைக்கிறவர் எல்லையைத் தொட்டுவிட்டார். நான் உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்தது இந்த இடத்தைப் பற்றித்தான்.

மூன்றாவது கிலோமீட்டரிலிருந்து ஒரு பெண்மணி என் இடது தோளுக்கு அரையடி பின்னால் ஒட்டியே வந்தார். முதல் அரை மாரத்தான், இரண்டேகால் மணிக்குள் முடிக்கவேண்டும் என்பதற்காகவே பல மாதங்கள் பயிற்சி எடுத்தவர். பதினான்காவது கிலோமீட்டரில் தலையசைப்புக்கு வந்துவிட்டார். பதினேழாவதில், "கொஞ்சம் மெதுவாகப் போகமுடியுமா?" என்று கேட்டார். என்னால் முடியும். கால்களில் வேண்டிய அளவு மிச்சம் இருந்தது. ஆனால் அந்தக் கொடியை நம்பி இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். கைகளைத் தளர்த்துங்கள், அடியைச் சுருக்குங்கள், பின்னால் இரண்டரை மணிக் கொடி வருகிறது, அதற்கு முன்னாலேயே முடித்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் முன்னால் போனேன்.

2:14:35-க்குக் கோட்டைக் கடந்தேன். ஒருங்கிணைப்பாளர் தோளில் தட்டினார். நண்பா, பேஸர் செய்யவேண்டியதை நான் செய்தேன், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பெண்மணியின் முகம் இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

வியன்னாவில் 2019-ல் எலியுட் கிப்சோகே முழு மாரத்தானை 1:59:40-ல் ஓடியபோது 41 பேஸர்கள் முறை மாற்றி மாற்றி அவரைச் சூழ்ந்து ஓடினார்கள் அல்லவா? அவர்கள் ஒரே மனிதருக்காக ஓடினார்கள். பங்கு முடிந்ததும் விலகினார்கள். 1994-ல் லாஸ் ஏஞ்சலஸில் பால் பில்கிங்டன் பேஸராக வந்து, விலகாமல் ஓடி, வெற்றியே பெற்றுவிட்டார். நமக்கு அந்த இரண்டு உரிமையும் கிடையாது. பாதியில் விலகக் கூடாது, முந்தக் கூடாது, ஒருவருக்காக நிற்கவும் கூடாது. யாரோ ஒருவருக்கு உதவுவதற்காகத்தான் வந்தோம், உதவி தேவைப்படும் நேரத்தில் அவரை விட்டுவிட்டுப் போவதும் வேலையில் சேர்த்தி என்பதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. என் இடத்தில் நீ இருந்தால் நின்றிருப்பாய். நின்றிருந்தால் பின்னால் வந்த பன்னிரண்டு பேரிடம் என்ன சொல்லியிருப்பாய் என்பதையும் எழுது. உன்னிடம் வாதாடாமல் எனக்கு இது தெளியாது.

எனக்குத் தோன்றுகிற ஒரே தீர்வு, ஒரே கொடிக்கு இரண்டு பேர். ஒருவர் கடிகாரத்தைக் காக்க, மற்றவர் கொடியைக் கழற்றி முதலாமவரிடம் கொடுத்துவிட்டுப் பின்தங்குகிறவரோடு ஓடலாம். அடுத்த ஓட்டத்துக்கு இதை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். இரண்டாவது ஆளை நானே கொண்டுவந்தால் சம்மதம் என்றார். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். மூச்சு வாங்காமல் இரண்டு மணிக்குள் முடிக்க இப்போதும் உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். முதல் கிலோமீட்டரில் மட்டும் உன் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். பேஸர்களின் பெயர்ப் பட்டியலை மூடுவதற்குள் பதில் வரட்டும். வாத்தியாரிடம் மூச்சு விடாதே, அவரும் கொடி கேட்பார்.

உன்
வாயாடி