முக்குளிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். சென்ற பொதுக்குழுவில், நீர் உள்ளே புகாத டிரைசூட் உடை அணிந்தும் குளிர் தாங்க முடியவில்லை என்று பலர் முறையிட்டீர்கள். சிலர் பாதியிலேயே மேலேறியதை நான் குறையாகக் கருதவில்லை. உடலில் சேர்ந்த வாயு மெல்ல வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் செய்யும் நிறுத்தங்களை நடுங்கிக்கொண்டே முடித்தவர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். இந்த ஆண்டின் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் இதற்கே ஒதுக்கப்பட்டன. இவ்வறிக்கையும் அதைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது.

முதல் வகுப்பில், டிரைசூட்டுக்குள் அணியும் உள்ளுடையை எடுத்துக்கொண்டோம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். மூன்றடுக்கு மெல்லிய துணியாலான டிரைலாமினேட் உடை அந்த நீரைத் தடுக்குமே தவிர, வெப்பத்தைக் காப்பதில் அதன் பங்கு மிகக் குறைவு. நுரை ரப்பரான நியோப்ரீன் உடை ஓரளவு காக்கும். ஆனால் ஆழம் கூடக்கூட அதிலுள்ள வாயுக் குமிழிகள் நசுங்கி அது மெலிந்துபோகும். எனவே உள்ளுடையின் இழைகளுக்கிடையே தங்கும் வாயுதான் நமக்கு உண்மையான காப்பு. நீரழுத்தத்தால் உடை உடலை இறுக்கும் என்று தெரிந்தும் உடைக்குள் போதிய வாயு விடாமல் இறங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. இழைகள் அமுங்கிவிட்டால் எவ்வளவு தடித்த உள்ளுடையும் பயன் தராது. தேவைப்பட்டால் மூழ்குவதற்காகக் கட்டும் எடையைச் சிறிது கூட்டிக்கொண்டு, வாயுவைச் சற்றுத் தாராளமாக, ஆனால் சிறு சிறு அழுத்தல்களாக விடுங்கள். மிகக் குளிர்ந்த நீரில் வால்வை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் அது உறைந்து திறந்தபடியே நின்றுவிடக்கூடும்.

உடலை ஒட்டிய அடுக்கில் பருத்தி வேண்டவே வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். மெரினோ கம்பளியோ ஈரத்தை வெளியே கடத்தும் செயற்கை இழையோ நல்லது. உறுப்பினர்கள் முழு உடையில் கரையில் நின்று வியர்த்து, ஈர உள்ளுடையோடு நீரில் இறங்குவதைப் பலமுறை கண்டேன். அதனால், திட்ட விளக்கம் முடிந்த பிறகே உடை அணிய வேண்டும், ஜிப்பைக் கடைசியாகவே மூட வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தோம். செலவே இல்லாத இந்த மாற்றம்தான் இவ்வாண்டில் அதிகப் பலன் தந்தது என்பது என் கருத்து.

உடைக்குள் நிரப்புவதற்காகச் சங்கத்துக்கு ஆர்கான் வாயுச் சிலிண்டர் வாங்க வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. ஆர்கானின் வெப்பக் கடத்துதிறன் காற்றுடையதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பது உண்மையே. ஆனால் உடையிலுள்ள காற்றைப் பலமுறை வெளியேற்றி நிரப்பினால்தான் அந்த வேறுபாடு கிடைக்கும். ஆக்சிஜனே இல்லாத அந்தச் சிலிண்டரைத் தவறுதலாக ஒருவர் வாயில் வைத்தால் உயிர் போய்விடும். பொதுப் பயன்பாட்டுக்கு அத்தகைய பொருளை வைத்திருக்க என் மனம் ஒப்பவில்லை. ஹீலியம் கலவையைச் சுவாசிப்போர் மட்டும் உடைக்கெனக் காற்று நிரப்பிய சிறு சிலிண்டரைத் தனியே கொண்டுவர வேண்டும். சுவாசிக்கும் கலவையையே உடைக்குள் விட்டால் குளிரும்; ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது.

கைகளைப் பற்றி. உடல் நடுங்குவதற்கு முன்பே விரல்கள் செயலிழந்துவிடும். கொக்கியைக் கழற்றவோ வால்வைத் திருப்பவோ முடியாது. உலர் கையுறை அணிவோர் நீர் புகாமல் மணிக்கட்டைப் பற்றியிருக்கும் சீலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, உடையின் வாயு கையுறைக்குள்ளும் செல்ல வழிசெய்யலாம். அந்தக் குழாய் வழியாகவே, கையுறை கிழிந்தால் உடைக்குள் நீர் புகும் என்பதையும் மறக்க வேண்டாம். ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு இறுகிய சீலை மாற்றியாக வேண்டும்.

இனி மின்சூடேற்றும் உள்சட்டை. இவ்வாண்டு பலர் இதை வாங்கியிருக்கிறீர்கள். அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு 2007 இல் வெளியிட்ட ஆய்வை வகுப்பில் விளக்கினோம். ஏறத்தாழ 37 மீட்டர் ஆழத்தில் 36 டிகிரி வெதுவெதுப்பில் 30 நிமிடம் இருந்து, 27 டிகிரி குளிரில் நிறுத்தங்களைச் செய்தவர்களில் சுமார் 22 விழுக்காட்டினருக்கு, உடலில் கரைந்த வாயு குமிழிகளாவதால் வரும் அழுத்த நீக்க நோய் வந்தது. அடியில் குளிரில் 70 நிமிடம் இருந்து, நிறுத்தங்களை வெதுவெதுப்பில் செய்தபோது அது 1.3 விழுக்காடுதான். அந்த வெப்பநிலைகள் நம்முடையவை அல்ல. எண்களை அப்படியே எடுத்தாள முடியாது. காரணம் மட்டும் நமக்கும் பொருந்தும்: வெப்பமான உடலில் ரத்தம் நன்றாக ஓடி நைட்ரஜன் அதிகம் சேர்கிறது, பிறகு குளிர்ந்தால் ரத்தநாளங்கள் சுருங்கி அது வெளியேறத் தாமதமாகிறது. இறங்கியதும் சூடேற்றியை முழு அளவில் போட்டு, நிறுத்தத்தில் பேட்டரி தீர்ந்துபோவதுதான் மிக மோசமான நிலை. அடியில் அணைத்தோ குறைத்தோ வைத்துவிட்டு, மேலேறும்போது கூட்டுங்கள். சூடேற்றி வேலை செய்யாவிட்டாலும் பாதுகாப்பாகத் திரும்பும் அளவுக்கு உள்ளுடை இருக்க வேண்டும்.

சிறுநீர் வருமென்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இறங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். குளிரிலும் நீரழுத்தத்திலும் ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு நகர்வதால் சிறுநீர் எப்படியும் அதிகம் சுரக்கும். உடலை வறள விடாதீர்கள். சிறுநீரை உடைக்கு வெளியே விடும் வால்வு பொருத்திக்கொள்ளுங்கள்.

கரையேறிய பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் குறைந்துகொண்டே போகும். உடனே சுடுநீரில் குளிப்பதையும் பளு தூக்குவதையும் தவிர்த்து, உலர்ந்த ஆடையும் தொப்பியும் அணியுங்கள். களைத்து ஏறியவரின் சிலிண்டரை மற்றவர்கள் சுமந்த காட்சி இவ்வாண்டு எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

குழுவில் எவர் நடுங்கத் தொடங்கினாலும், கேள்வி எதுவுமின்றி, குழு முழுவதும் முக்குளிப்பை முடித்துக்கொண்டு, உரிய நிறுத்தங்களோடு மேலேற வேண்டும் என்ற விதியைச் செயற்குழு முன்மொழிகிறது. இதற்குத் தங்கள் ஒப்புதலைக் கோருகிறேன். பருவம் தொடங்குமுன் அனைவரும் கழுத்து, மணிக்கட்டு சீல்களையும் ஜிப்பையும் கசிவுச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். வகுப்புகளை நடத்திய பயிற்றுநர்களுக்கும் கரையில் காவல் நின்றவர்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்