சில மில்லி நைட்ரிக் அமிலம் கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கள் ஆய்வுக்கூட நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

கிடங்கிலிருந்து அமிலம் பெற யார் யார் கையெழுத்து வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கையெழுத்துகள் இந்த முறை என்ன செய்தன என்று மட்டும் சொல்கிறோம்.

மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில், கைவிட்ட நிலக்கரிக் குழிகளிலிருந்து வடியும் நீரை எடுத்துவந்தோம். அங்கே நிலக்கரியில் கந்தகம் அதிகம். அதிலுள்ள பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தைத் தருகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள அருமண் தனிமங்களை (காந்தம், மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய உலோகங்கள்) கரைத்து இழுத்து வருகிறது. பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடும் அளவுகோல்) 3 அளவில் அவை பெரும்பாலும் கரைசலிலேயே இருக்கும். சுண்ணாம்புப் பாறை பட்டு 5, 6 என ஏறும்போது அலுமினியமும் இரும்பும் வீழ்படிவாக இறங்கும். அருமண்ணும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு வேண்டியது அந்த இடைப்பட்ட நீர்தான்.

ரயிலில் அமிலம் கொண்டுபோக முடியாது. அதனால் அங்கேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, காட்பாடியில் இறங்கிய அன்றே, கரைந்தவை படியாதிருக்க நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 2-க்குக் கீழே இறக்குவதாகத் திட்டம். அமிலம் வரவில்லை. ஒருவர் விடுப்பு, ஒருவர் கூட்டம், இன்னொருவருக்குப் படிவத்தின் பழைய வடிவம் பிடிக்கவில்லை. வாரக்கணக்கில் வேலூர் வெயிலில் கிடந்த குப்பிகளின் அடியில் துருநிற வண்டல். கண்ணாடி போல வடிகட்டிக் கொண்டுவந்த நீர் அது.

"இப்போது அமிலம் ஊற்றினால் கரைந்துவிடுமே" என்றார் ஓர் அதிகாரி. கரையும், ஓரளவு. எவ்வளவு கரைந்தது, குப்பிச் சுவரில் எவ்வளவு தங்கியது என்று யார் உறுதி சொல்வது? அந்த எண்ணை எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது?

மாதிரி வந்த அன்றே அமிலம் வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

2025 ஏப்ரலில் சமாரியம், காடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும், நம் வளாகத்திலும் அருமண் பற்றிக் கருத்தரங்கு, பதாகை, பொன்னாடை எல்லாம் நடந்தன. பாறையில் உள்ள விகிதத்தோடு ஒப்பிட்டால், சுரங்க அமில நீரில் பொதுவாகக் கூடுதலாகச் செறிந்திருப்பது சமாரியம் முதல் டிஸ்புரோசியம் வரையிலான நடுத்தர எடை அருமண் தனிமங்களே. பொன்னாடைக்குக் கையெழுத்து ஒரே நாளில் கிடைத்தது என்று கேள்வி. இராணிப்பேட்டையின் குரோமியக் கழிவை இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்குக் கோப்பின் வேகம் புதிதல்ல, சரி.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவரின் ஒரே கையெழுத்தில், மாதிரி வந்த அன்றே தூய நைட்ரிக் அமிலம் வழங்க அன்புகூர்ந்து உத்தரவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடும் முன் பதில் தந்தால் நன்றியுடையோம்.

இப்படிக்கு,
நிலவேதியியல் ஆய்வு மாணவர்கள், வேலூர்