பேடல்: 'டென்னிஸ் மாதிரிதான்' என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் பேடல் (கண்ணாடிச் சுவர் சூழ்ந்த களத்தில் இரண்டு ஜோடிகள் மட்டையால் ஆடும் ஆட்டம்) பரவி வருவது பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, கண்ணாடிச் சுவர், நீலத் தரை, ராத்திரி விளக்கு, ஒரு மணி நேர வாடகை எல்லாம் வந்துவிட்டது. ஆனால் யார் எப்படி ஜெயிக்கிறார்கள் என்ற இடம் வந்ததும் 'டென்னிஸ் போலவே புள்ளி எண்ணப்படும்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஒருவர் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே பக்கத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்டுத் துளைக்க ஆரம்பித்துவிடுவார்.

எண்ணும் முறை டென்னிஸுடையதுதான். 15, 30, 40, அப்புறம் கேம். சர்வீஸ் போடும் ஜோடியின் புள்ளியை முதலில் சொல்ல வேண்டும், அதனால் '15-40' என்று குரல் கேட்டால் சர்வீஸ் போடுகிறவர்கள் சிக்கலில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். 2 கேம் வித்தியாசத்தோடு 6 கேம் எடுத்தால் செட், 6-6 என்றால் செட்டைத் தீர்க்க டைபிரேக், 3 செட்டில் 2 எடுத்தால் ஆட்டம். டைபிரேக்கில் மட்டும் சாதாரணமாக 1, 2, 3 என்று எண்ணி 7 வரை போவார்கள், அங்கேயும் 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். நீங்கள் பேப்பரில் 7-6 (5) என்று போடுகிறீர்களே, அந்த 5 டைபிரேக்கில் தோற்றவர் எடுத்த புள்ளி. டென்னிஸ் முடிவுகளைப் பல வருஷமாகப் படிக்கிறவர்களிலேயே இதைக் கவனிக்காதவர்கள் நிறையப் பேர்.

சிக்கல் இந்த எண்களில் இல்லை, ஒரு புள்ளி எப்போது விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. டென்னிஸில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் அவுட், கதை முடிந்தது. பேடல் களம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சுற்றிலும் கண்ணாடியும் கம்பி வேலியும். எதிர்ப்பக்கம் நீங்கள் அடிக்கும் பந்து முதலில் தரையில் பட வேண்டும், பிறகு சுவரில் பட்டாலும் ஆட்டம் தொடரும். தரையில் படாமல் நேராக அவர்கள் கண்ணாடியில் போய் மோதினால் புள்ளி அவர்களுக்கு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆட்டம் புரிந்துவிடும். இன்னொரு பக்கம், எதிராளி களத்தில் ஒரு தடவை குத்தி எழும்பி, பந்து வேலியைத் தாண்டி வெளியே பறந்துவிட்டால் டென்னிஸ் பழக்கத்தில் 'அவுட்' என்று கத்தத் தோன்றும். உண்மையில் அது அடித்தவருக்குக் கிடைக்கும் அழகான புள்ளி! வெளியே ஓடிப்போய் எடுக்க அனுமதி இருக்கும் களங்களில் எதிராளி கதவு வழியாகப் பாய்ந்து அதையும் திருப்பி அடிக்கலாம், ஆனால் அதற்குக் காலில் நல்ல வேகம் வேண்டும்.

சர்வீஸைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். பந்தைத் தரையில் தட்டி, இடுப்புக்கு மேல் போகாத உயரத்தில், குறுக்காக எதிர்ப்பக்க சர்வீஸ் கட்டத்துக்குள் அடிக்க வேண்டும், இரண்டு வாய்ப்பு. கட்டத்துக்குள் விழுந்த பிறகு கண்ணாடியில் பட்டால் நல்ல சர்வீஸ், கம்பி வேலியில் பட்டால் ஃபால்ட், அதாவது செல்லாத சர்வீஸ். பார்க்க வந்தவர்களுக்கு இது சுத்தமாகப் புரிவதில்லை, கட்டத்தில்தானே விழுந்தது, அப்புறம் ஏன் ஃபால்ட் என்று கேட்கிறார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும். அந்தக் கட்டத்தின் பின் எல்லையான சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 6.95 மீட்டரில் இருக்கிறது. பக்கவாட்டில் கண்ணாடி பின் மூலையிலிருந்து 4 மீட்டர்தான் வரும், அதற்கு முன்னால் எல்லாம் வேலி. ஆக, பக்கச் சுவரை நம்பி சர்வீஸ் போடுகிறவர் கோட்டை ஒட்டி ஆழமாக இறக்கினால்தான் பந்து கண்ணாடியைத் தேடிப் போகும், குட்டையாக விழுந்தால் வேலியில் சிக்கும். பந்து எதில் பட்டது என்று நெற்றிக்கு நேரே கையை வைத்துக்கொண்டு நாலு பேரும் அந்த மூலையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நடுவர் இல்லாத ஆட்டத்தில் இது தினமும் நடக்கிற கூத்து.

சரி, இதை எல்லாம் விடுங்கள். நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் 40-40.

டென்னிஸ் போல என்று நீங்கள் எழுதினால் 40-40 ஆனதும் டியூஸ், பிறகு ஒரு புள்ளி எடுத்தவருக்கு அட்வான்டேஜ், அடுத்த புள்ளியும் அவரே எடுத்தால் கேம், இல்லையென்றால் மறுபடி டியூஸ் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். பேடலில் அதுவும் உண்டு. ஆனால் வேர்ல்ட் பேடல் டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடர் 2020-ல் 'கோல்டன் பாயின்ட்' கொண்டுவந்ததிலிருந்து 40-40-க்கு ஒரே புள்ளியில் கேமை முடிக்கும் வழக்கம் எல்லா இடத்திலும் பரவிவிட்டது. சர்வீஸ் வலப்பக்கம் வரவேண்டுமா இடப்பக்கம் வரவேண்டுமா என்பதை எதிர்கொள்ளும் ஜோடியே முடிவு செய்யும், தங்கள் இடத்தை மாற்றிக்கொள்ள மட்டும் முடியாது. இது நியாயம்தான் என்பது என் கருத்து. பேடலில் கீழிருந்து போடும் சர்வீஸால் நேரடியாகப் புள்ளி எடுப்பது கஷ்டம் என்றாலும், சர்வீஸ் போடும் ஜோடிதான் முதலில் நெட்டுக்குப் போய் நிற்கிறது, இந்த ஆட்டத்தில் நெட்டைப் பிடித்தவர் கைதான் ஓங்கும். அதனால் யார் எதிர்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை எதிர்த்தரப்புக்குக் கொடுப்பது சின்ன ஈடு.

இப்போது 2026 முதல் சர்வதேச பேடல் கூட்டமைப்பு தொழில்முறைப் போட்டிகளுக்கு 'ஸ்டார் பாயின்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு தடவை அட்வான்டேஜ் வரை போகலாம், அப்போதும் முடியாமல் மூன்றாவது முறை 40-40 வந்தால் ஒரே புள்ளியில் தீர்ப்பு. எனக்கு இது ரெண்டுங்கெட்டானாகத்தான் படுகிறது. இழுபறியின் சுவை வேண்டும் என்றால் முழுசாக விடுங்கள், நேரம் மிச்சமாக வேண்டும் என்றால் ஒரே புள்ளியில் வெட்டுங்கள். நம்மூரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து நாலு பேர் ஆடுகிற இடத்தில், அடுத்த குழு ஷூ மாட்டிக்கொண்டு கதவோரம் நிற்கும்போது, கோல்டன் பாயின்ட்தான் சரிப்பட்டு வரும். ஆடத் தொடங்கும் முன்பே எந்த முறை என்று பேசிக்கொள்ளாதவர்கள்தான் பாதி ஆட்டத்தில் வாய்ச்சண்டை போடுகிறார்கள்.

வார இறுதியில் போனால் பலகையில் 19-13 என்று எழுதியிருப்பதையும் பார்க்கலாம். அது 'அமெரிக்கானோ' என்ற ஆட்ட முறை. அங்கே 15-30 எல்லாம் கிடையாது. ஒரு ஆட்டத்துக்கு 24 அல்லது 32 புள்ளி என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுவார்கள் (19-உம் 13-உம் சேர்ந்தால் 32). ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டாளி மாறிக்கொண்டே இருப்பார், ஜோடி எடுத்த புள்ளி ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக ஏறும், கடைசியில் அதிகம் சேர்த்தவர் வெற்றியாளர். 13 எடுத்துத் தோற்றவருக்கும் அந்த 13 வீண் இல்லை என்பதால் கடைசிப் புள்ளி வரை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் ஆடுவது பெரும்பாலும் இதைத்தான், உங்கள் கட்டுரையில் இதன் பெயர்கூட இல்லை.

என் வேண்டுகோள் சின்னது. பேடல் முடிவுகளைப் போடும்போது 6-4, 7-5 என்ற எண்களோடு, 40-40 எப்படித் தீர்க்கப்பட்டது என்பதையும் ஒரு வார்த்தையில் சேர்த்துவிடுங்கள்: அட்வான்டேஜா, கோல்டன் பாயின்டா, ஸ்டார் பாயின்டா. உள்ளூர்ப் போட்டி நடத்துகிறவர்களிடம் உங்கள் நிருபர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை